மேலே வராத குமிழி

அலை உடைந்து, கணினித் திரையில் கடல் அடங்கி இருபது நொடி ஆகியும் ஒரு குமிழி மட்டும் மேலே வரவில்லை.

நொயேலியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். குமிழி என்றால் மேலே வரும், வந்து உடையும். துறைமுக நகரமான வால்பராய்சோவின் மலைச்சரிவில் இருந்த இந்த ஆய்வறையில் அவளும் தோழி பஸ்காலாவும் மூன்று வருடமாகக் கணினியில் அலைகளை உருவாக்கி அதைத்தான் கணக்குப் போடுகிறார்கள். இதுவோ அடிமணலைத் தொட்டபடி, சுருங்குவதும் விரிவதுமாக நின்றது.

தான்தான் ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். எப்போதும் முதலில் அப்படித்தான் நினைப்பாள். பிறகுதான் இது பஸ்காலாவின் அலை என்பது உறைத்தது. இதில் தப்பு செய்ததும் தான்தான் என்பதும்.

லிமா நகரில் நடக்கும் மாநாட்டுக்கு இருவரில் ஒருவர்தான் போகலாம். நாளை, வெள்ளிக்கிழமை, பேராசிரியை எர்மினியா பெயரைச் சொல்வார். கணினி நிரலை எழுதியவள் நொயேலியா. கணக்கில் காற்று குறைந்தால் பக்கத்துக் குமிழியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும் வரியும் அவள் எழுதியதுதான். ஆனால் எல்லோரும் பஸ்காலாவின் திரையைத்தான் சுற்றி நின்று பார்த்தார்கள். நுரை அவளுக்கு மட்டும் அவ்வளவு அழகாக அமைந்தது. ஒவ்வொரு முறையும் நொயேலியாவுக்கு வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை, பஸ்காலா தேநீர் போடப் போன நேரத்தில், அவளுடைய கணினிக் கோப்பைத் திறந்தாள். மூன்று கட்டத்தைவிடச் சிறிய குமிழிகளை நிரல் குப்பை என்று அழித்துவிடுவது வழக்கம். அந்த மூன்றை முப்பதாக்கினாள். நிரப்பும் வரியை அணைத்தாள். அலையிலிருந்த காற்றில் பெரும்பகுதி சத்தமில்லாமல் காணாமல் போனது.

செவ்வாய்க்கிழமை பஸ்காலா படியேறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, கிழவி மாதிரி மூச்சு வாங்குற?" என்றாள் நொயேலியா.

"தெரியலடி. சன்னலத் தொறந்து வெச்சாலும் காத்து பத்தல." சிரித்தாள். "எல்லாத்தையும் நீயே இழுத்துக்குற போல."

இப்போது வியாழன் மாலை ஆறு மணி. துறைமுகத்திலிருந்து ஏறிவந்த மூடுபனி கண்ணாடிச் சன்னலை அடைத்திருக்க, யாரோ வாட்டிவிட்டுப் போன ரொட்டியின் வாசனைக்கு அடியில், கடற்பாசி அழுகும் வாடை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. பின்னால், பஸ்காலாவின் மேசையிலிருந்து, ஈரத்துணியை மெதுவாகக் கிழிப்பது போல அவள் மூச்சு கேட்டது. அந்தச் சத்தம் உள்ளே போகும்போது குமிழி விரிந்தது. வெளியே வரும்போது சுருங்கியது.

நொயேலியா பத்து மூச்சு எண்ணினாள். பத்தும் பொருந்தின. தன் எண்ணிக்கை மேல் நம்பிக்கையில்லாமல் இன்னொரு பத்து எண்ணினாள்.

குமிழியின் அளவைப் பார்த்தாள். முப்பத்தாறு கட்டம். அடுத்த முறை முப்பத்து மூன்று.

"நொயே."

"என்ன?"

"கொஞ்சம் தண்ணி குடுடி."

இப்போது முப்பதை மறுபடி மூன்றாக்கினால் காலைக்குள் அந்த அலை பழைய அழகுக்கு வந்துவிடும். பேராசிரியை அதைப் பார்ப்பார். லிமா பஸ்காலாவுக்குப் போய்விடும். நொயேலியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்ததுதான். மறுபடியும் துடைத்தாள்.

முப்பத்தொன்று.

திரும்பிப் பார்த்தாள். பஸ்காலாவின் உதடுகள் நீலம். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

முப்பது.

விரல் தானாக ஓடியது. முப்பதை அழித்தாள். மூன்று. பக்கத்துக் குமிழியிலிருந்து எடுத்து நிரப்பும் வரியைத் திறந்துவிட்டாள். அலையை ஓடவிட்டாள்.

குமிழி விரிந்தது. நாற்பது. அறுபது. நூறு. பின்னால் பஸ்காலா மூச்சை இழுத்தாள், நீளமாக, ஆழமாக. நொயேலியாவின் கண்ணில் நீர் வந்தது. மன்னிச்சுக்கோடி என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

நாக்கில் உப்பு. மூச்சை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

திரையில், பெரிய குமிழிக்குப் பக்கத்தில், மணலைத் தொட்டபடி இன்னொன்று. சிறியது. ஒன்பது கட்டம். ஏழு.

மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். பஸ்காலா கண்களை மூடியிருந்தாள். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. உதட்டில் லேசான சிரிப்பு. மார்பு உயர்ந்துகொண்டே போனது.

அவள் இன்னும் மூச்சை வெளியே விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள்.