பின்னறைத் தரை

தோள்பட்டை காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. காலமெல்லாம் செங்கல்லும் சாந்தும் சுமந்த தோள், வலி கொத்தனாருக்குப் புதிதில்லை. ஆனால் விற்பதற்கு முன்னால் வீட்டைச் சோதிக்க வந்த இன்ஜினியர் பின்னறைக் கதவைத் தள்ளியபோது, வலி கழுத்துவரை ஏறியது.

"இந்த ரூம்ல யாருண்ணே இருந்தா?"

"எங்க அண்ணன். படுத்த படுக்கையா கிடந்தாரு. போன வருஷம் போய்ட்டாரு."

"மருந்து வாடை இன்னும் போகல பாருங்க. வாங்க வர்றவன் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிருவான்." இன்ஜினியர் சிரித்தான்.

வீடு கைமாறினால்தான் கொத்தனாரின் மனைவி திரும்பி வருவாள். "அந்த ரூம்ல சத்தம் கேக்குது. வீட்ட வித்துட்டு என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனவள்.

இன்ஜினியர் தண்ணீர் ஓடும் வாட்டம் பார்க்க ஒரு மக் தண்ணீரைத் தரையில் ஊற்றினான். அது கதவுப் பக்கம்தான் ஓட வேண்டும். கொத்தனார் தன் கையால் மட்டம் பிடித்துப் போட்ட தரை. தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேட்டில் ஏறி, அண்ணனின் கட்டில் கிடந்த மூலைக்குப் போய்ச் சுவரடியில் காணாமல் போனது.

இன்ஜினியர் குனிந்து தடவினான். விரலில் தூசிதான் ஒட்டியது.

"கொத்தனார் வீட்லயே இப்படியா? நல்லா கட்டுனீங்க போங்க! எங்கயோ வெடிப்பு இருக்கு. அடைச்சு வைங்க. நாளைக்குப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போடுவேன்."

அவன் போனதும் கொத்தனார் மூலையில் மண்டியிட்டு, உளியின் பின்பக்கத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். எங்கும் வெடிப்பில்லாத கெட்டிச் சத்தம். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரைமேல் இழுத்துக்கொண்டு போக, சுண்ணாம்பு வாடைக்கும் மருந்து வாடைக்கும் நடுவே, சுவருக்குள்ளிருந்து மெல்ல, காய்ந்து ஒட்டிய நாக்கை மேலண்ணத்திலிருந்து பிய்த்தெடுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அவருக்குத் தெரிந்த சத்தம்.

அண்ணனின் கடைசி ராத்திரி அது. கொத்தனார் நாள் முழுக்கக் கான்கிரீட் போட்டுவிட்டு வந்து முன்னறையில் படுத்திருந்தார். "தம்பி, கொஞ்சம் தண்ணி." முழித்துக்கொண்டுதான் இருந்தார். "தம்பி..." போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். விடிந்தபோது அண்ணனின் கை கட்டிலுக்கு வெளியே, காலி டம்ளரை நோக்கி நீண்டு விறைத்திருந்தது. தூக்கத்திலேயே போய்ட்டாரு என்று ஊருக்குச் சொன்னார்.

இப்போது கொத்தனார் எழுந்து ஓடி வாளியை நிரப்பிக்கொண்டு வந்தார். மூலையில் கவிழ்த்தார்.

மடக். மடக். மடக்.

இன்னொரு வாளி. இன்னொன்று. குழாய் காற்றைத் துப்பியது. மேல்தொட்டி காலி.

"போதுமாண்ணே?"

மடக்.

அவர் தாடையிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தரையில் விழுந்தது. நிற்கவில்லை. மூலைக்கு ஊர்ந்தது. இன்னொரு சொட்டு. தரையில் ஊன்றிய கைகளில் பூத்திருந்த வியர்வை, மணிக்கட்டைத் தாண்டி, விரல்களைத் தாண்டி, வரிசையாக இறங்கியது. எழப் பார்த்தார். கை தரையை விட்டு வரவில்லை. தோல் சுருங்கியது. உதடு வெடித்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

"தம்பி," என்றது சுவர்.

ஊற்றிய வாளிகள் எதுவும் கணக்கில் சேரவில்லை. அன்று கேட்ட ஒரு டம்ளர் தண்ணீர் இன்னும் பாக்கி.