ஓடவே ஓடாத வரி

'கீ...ங்' என்று அலறியது பஸ்ஸர்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

கதவு நிலையில் மாட்டியிருந்த சின்னப் பெட்டி அது. யாராவது உள்ளே வந்தால் ஒன்று கூட்டும், வெளியே போனால் ஒன்று கழிக்கும். புரோகிராம் எழுதியவளே அவள்தான். கம்பெனி விற்பனைக்கு விடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கத் தன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள். ஒற்றை வாசல், ஒற்றை ஆள். இதைவிடச் சுலபமான வீடு எங்கே கிடைக்கும்?

ரஸ்ட் என்ற கணினி மொழியில், எண்ணிக்கைக்கு ஏற்ற கட்டளையைத் தேர்ந்து தரும் ஒரு சின்ன 'இஃப்'. உள்ளே யாரும் இல்லையென்றால் விளக்கை அணை, கதவைப் பூட்டு. ஒருவர் இருந்தால் விளக்கைப் போடு. அத்தோடு நிறுத்தத்தான் பார்த்தாள். புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர் விடவில்லை. இரண்டும் இல்லாவிட்டால் என்ன செய்ய என்று 'எல்ஸ்' கேட்டு அடம்பிடித்தது. குடிவந்த நாளிலிருந்து காலிங் பெல்லைக்கூட யாரும் தொடாத வீட்டுக்கு இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார்? ஒப்புக்கு ஒரு எல்ஸ் எழுதி, அதில் பஸ்ஸரை வைத்து, பக்கத்தில் 'இது ஓடவே ஓடாது' என்று குறிப்பும் போட்டாள்.

இப்போது ஓடுகிறது.

பஸ்ஸரை நிறுத்திவிட்டு ஆபீஸுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் டெஸ்டர். எந்தப் பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதால் எல்லாருக்கும் அவர் 'பூதக்கண்ணாடி'.

"என்னம்மா, வீட்டுக்கு விருந்தாளியா? சொல்லவே இல்ல! உன் பெட்டி இங்க என் ஸ்கிரீன்ல கத்துது."

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணா. நான் ஒருத்திதான். எத்தனை காட்டுது?"

"ரெண்டு. தோள்ல பை மாட்டியிருந்தியா? அதையும் ஆளா எண்ணியிருக்கும்."

பை ஆபீஸிலேயே இருந்தது. மழைக்குப் பயந்து வெறுங்கையோடு ஓடி வந்திருந்தாள்.

"பை இல்லண்ணா."

மறுமுனையில் கீபோர்டு சத்தம் நின்றது.

ஜன்னல் கம்பிகளில் மழை வழிந்துகொண்டிருக்க, ஃபிரிட்ஜின் முனகலுக்கு அடியில் வேறேதோ சன்னமாக, ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல் கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. சமையலறையில் காலையில் கவிழ்த்த ஒற்றைத் தம்ளர். படுக்கையறையில் ஒற்றைத் தலையணை. குளியலறையில் யாரும் இல்லை. ஆனால், பல நாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு புழுங்கிய வாடை, எந்த அறைக்குப் போனாலும் கூடவே வந்தது. பின்கழுத்தில் சில்லென்று காற்று. ஃபேன் போலிருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஃபேன் ஓடவில்லை.

"அண்ணா... ஏதாவது பேசுங்களேன்."

"பயப்படாத. போனை வைக்காம நீ மட்டும் வெளிய வா. ரெண்டு, ஒண்ணாகும். விளக்கு எரிஞ்சிட்டே இருக்கும். அது ஆளா, கோளாறான்னு வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கலாம்."

ஹாலைக் கடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு. கைப்பிடி. வாசல்.

வெளியே.

'டிக்.' பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ஜன்னல் வெளிச்சம் செத்தது. வீடு முழுக்க இருட்டு.

அடக்கி வைத்திருந்த மூச்சு சிரிப்பாக வெடித்தது.

"அணைஞ்சிடுச்சுண்ணா! உள்ள யாருமே இல்ல! கோளாறுதான், சும்மா பயந்துட்டேன்!"

மழைச் சத்தம். பின்கழுத்தில் அந்தச் சில்லென்ற காற்று. அந்த வாடை.

"அண்ணா?"

"உள்ள யாரும் இல்லம்மா," என்றார், குரலே எழும்பாமல். "ரெண்டு பேரும் வெளிய வந்துட்டீங்க."