படிந்த விலை

கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது.

வரதராஜ் வாய் கொப்பளித்துத் துப்பினார். மேற்கே மலை, சுற்றிலும் மாந்தோப்பு. கடல் எங்கேயோ தூத்துக்குடிப் பக்கம். நேற்றுவரை இளநீராய் இனித்த கிணறு இது.

"எனக்கும் கரிக்கு அண்ணாச்சி. இன்னிக்கு வேண்டாமே" என்றான் சிலிண்டருக்குக் காற்றடிக்கும் ஐயாதுரை.

"ஏலே, உப்பிருந்தா அசல் கடல்னு சொல்லி டிக்கெட்டைக் கூட்டிருவோம்."

ராஜபாளையத்தில் மாங்காய் மண்டி நடத்தியவர் அவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துப் பால்கோவாவும் வாங்கிய வெளியூர்க்காரன் அடுத்து என்ன செய்வதென்று முழிப்பான். அவனைச் சிலிண்டர் மாட்டி இந்த அறுபதடிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவது என்று திட்டம். சொல்லித்தர மகள் ஸ்ரீப்ரியா முக்குளிப்பை முறையாகப் படித்து வந்திருந்தாள். இன்று அப்பாவும் மகளும் இறங்கும் வெள்ளோட்டம்.

"அந்தமானுக்குப் பொறவு நீங்க இறங்கவே இல்லையேப்பா. முடியுமா?"

முடியும் என்று தலையாட்டினார்.

அந்தமானில் நடந்தது அவருக்கு மட்டும் தெரியும். கூட்டாளி சுயம்புலிங்கம் பவளப்பாறை ஓரத்தில் தன் கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினான்: காற்றில்லை. இவர் சிலிண்டரில் பாதி மிச்சம். பார்த்தார். பார்த்துவிட்டு, ஒரு வரிமீனை வேடிக்கை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். பிள்ளைகுட்டி இல்லாத மனுஷன். கூட்டாய் வாங்கிய தோப்பு முழுதாக இவர் கைக்கு வந்தது. உடல் கிடைக்கவில்லை. நான் கவனிக்கவில்லையே என்று ஊரெல்லாம் அழுதார். அழுகை நன்றாகவே வந்தது.

பதினோரு மணி வெயில் படிக்கட்டோடு நின்றுவிட்டது. கீழே போகப் போகக் குளிரவேண்டிய தண்ணீர் வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது, அந்தக் கடலைப் போல. பாசி வாடைக்குப் பதில் ரப்பரும் உப்பும் கலந்த ஒரு சுவை நாக்கில் ஏறியது. தன் மூச்சு உஸ்ஸென்று உள்ளே போவதும், குமிழிகளாகக் குடுகுடுவென்று மேலேறுவதும், பக்கத்தில் மகளின் மூச்சும் அதேபோல் போய்வருவதும் தலைக்குள் கேட்டுக்கொண்டிருக்க, இடையில் மூன்றாவதாக ஒரு மூச்சு கேட்டது. உள்ளே இழுக்கும் ஓசை மட்டும். இழுத்தபடியே இருந்தது. வெளியே விடவே இல்லை.

அடிச்சேறு கலங்கி எழுந்தது. கண் மறைந்தது. மகளின் கையை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

வலக்கையை வேறொரு கை பிடித்தது.

மணிக்கட்டில் கட்டைவிரல் இருமுறை அழுத்தியது. சுயம்புலிங்கம் பேரத்தைத் தொடங்குவதே அப்படித்தான். மண்டியில் விலையை வாய் சொல்லாது. துண்டுக்கடியில் விரல்தான் பேசும். விலை படிந்துவிட்டால், குவியலிலிருந்து பொறுக்கி எடுக்கும் உரிமை வாங்குகிறவனுக்கு. பிறகு பேச்சே கிடையாது.

சேறுதான் துண்டு.

அந்தக் கை அவருடைய இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தது.

இரண்டு. நீயும் உன் மகளும்.

முப்பது வருடப் பழக்கம். முதலில் கேட்ட விலைக்கு அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. மூளை யோசிக்குமுன் விரல் ஒன்றை மடக்கிவிட்டது.

ஒன்று.

என்னை என்றுதான் நினைத்தார். அப்படித்தான் நினைத்தோம் என்று நினைத்தார்.

அந்தக் கை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. உள்ளங்கையில் ஒரு தட்டு.

படிந்தது.

வலக்கை விடுபட்டது. இடக்கையில் மகளின் பிடி தளர்ந்தது. ஒரு விரல். இன்னொரு விரல். யாரோ நிதானமாகப் பிரித்தெடுப்பதுபோல்.

இல்லை. நான். என்னை.

வாயில் குழாய். சொல் குமிழியாகிப் போனது. அவர் போட்டிருந்த மிதவைச் சட்டை தானாக ஊதிப் பெருத்து அவரை மேலே தூக்கியது. கால்களை உதைத்தார். பயனில்லை.

சேறு விலகியது.

கிணற்றுக்குத் தரையில்லை. நீலம். அடியற்ற நீலம். வெகு கீழே, ஸ்ரீப்ரியாவின் மஞ்சள் கால்துடுப்புகள் சீராக அடித்துக்கொண்டிருந்தன. பெரியப்பாவோடு கடைக்குப் போகிற பிள்ளை மாதிரி, பக்கத்தில் இருந்தவனின் கையைப் பிடித்தபடி, அவனுடைய உப்பிய முகத்தை நிமிர்ந்து பார்த்தபடி அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவளிடமிருந்து குமிழி எதுவும் மேலே வரவில்லை.