இடது கை முடிச்சு

பகல் பதினோரு மணிக்கு வேன் தேரிக்காட்டு ஓரத்தில் வந்து நின்றது. கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல், நடுநடுவே பனையும் உடைமரமும். கிழக்கே எங்கோ கடல் இரைந்தது.

ராஜரத்தினம் முதலாளி கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் பரிபூரணம். ராஜபாளையத்தில் அவர் நடத்தும் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து துணி சுருட்டுகிறவள். போன வருஷம், எண்பத்தேழு ஆடியில், முதலாளி குடும்பம் இங்கே சுற்றிப் பார்க்க வந்தபோது வேன் ஓட்டியவன் அவள் தம்பி முத்துவீரன். எல்லோரும் ஊர் திரும்பினார்கள், அவன் மட்டும் திரும்பவில்லை. எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்று அந்த மகராசன் கையைக் கழுவிவிட்டார். ஒரு வருஷம் கம்பெனி வாசலில் நின்று கத்தி, இன்றைக்குத்தான் இடத்தைக் காட்ட அவரை இழுத்து வந்திருக்கிறாள்.

புது டிரைவர் ஐயாதுரையை வேனிலேயே விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். காற்று காலடித் தடத்தை உடனே மூடியது. வழி தப்பாமலிருக்க அவள் கையோடு கொண்டுவந்த பேண்டேஜ் துணியைக் கிழித்து மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டே போனாள்.

ஒரு மொட்டைப் பனையடியில் முதலாளி நின்றார். "இங்கதான் வண்டி பொதைஞ்சுது. பிள்ளைக தாகத்துல தவிச்சுது. தண்ணி பாத்துட்டு வாலேன்னு அனுப்புனேன்."

"பொறவு?"

"டிராக்டர் ஒண்ணு வந்து இழுத்துவிட்டுச்சு. அரை மணி நேரம் பாத்தோம். பொழுது சாயுறதுக்குள்ள கடலுக்குப் போகணும்னு பிள்ளைக அழுதுச்சு. நானே ஓட்டிட்டுப் போயிட்டேன்."

பரிபூரணம் கடல் இரையும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கடல் எங்கே ஓடிப்போகும்? இவர்கள் தாகத்துக்குத் தண்ணீர் தேடிப் போனவனை விட்டுவிட்டு அலையில் கால் நனைக்க எப்படி மனசு வந்தது?

"வீட்டு நாயா இருந்தா தேடிப் பிடிச்சு ஏத்திட்டுப் போயிருப்பிய, மொதலாளி."

"வாய அடக்கு. வெயில் மண்டையப் பொளக்கு. நட."

திரும்பினார்கள். முதல் மரத்தில் வெள்ளைத் துணி. அடுத்ததிலும்.

அதற்கப்புறம் துணி இரண்டு பக்கம் போனது.

வேன் நின்ற திசையில் ஒரு வரிசை. மணல்மேட்டின் மேலே இன்னொரு வரிசை.

காற்று நின்றது. அந்த வெயிலில் ஈரத்துணி வாடை அடித்தது.

மேட்டுப் பக்கத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முடிச்சின் வால் இடப்பக்கம் தொங்கியது. கம்பெனியில் அப்படி முடிச்சுப் போடுகிறவன் ஒருத்தன்தான். டிரைவராகும் முன்னால் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சுருள் கட்டிய இடது கைக்காரத் தம்பி.

"துணி இருக்குல்லா, இப்படித்தான் வந்தோம்," என்று முதலாளி மேட்டில் ஏறினார்.

அது நான் கட்டியதில்லை. நாக்கு நுனி வரை வந்தது.

அவள் சொல்லவில்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் ஒரே முறை கேட்டது.

"ஏலே, நீயா?"

தான் கட்டிய துணிகளைப் பார்த்து நடந்து அவள் வேனுக்கு வந்ததும் ஐயாதுரை கேட்டான். "மொதலாளி எங்கக்கா? அவிய வரலயா?"

"அரை மணி நேரம் பாப்போம்," என்றாள். "பொறவு கெளம்பிருவோம்."

அவர் வரவில்லை. தேடுவதற்கு ஆள் கூட்டிவர ஐயாதுரை கடலோரத்து மணப்பாட்டுக்கு வண்டியை விட்டான். அவன் ஊருக்குள் ஆள் கூப்பிடப் போனதும் அவள் கடலில் இறங்கி முகம் கழுவினாள். உதடெல்லாம் உப்பு. ஒரு வருஷ அழுகை அங்கேதான் வந்தது.

திரும்பி வந்தபோது ஐயாதுரை வேனருகே உறைந்து நின்றான். கதவின் கைப்பிடியில் வெள்ளைத் துணி. ஈரம். வால் இடப்பக்கம்.

"நான் கட்டலக்கா," என்றான் மெல்ல.

அவள் அதை அவிழ்த்து, உள்ளங்கையில் பிழிந்து குடித்தாள். உப்பே இல்லை. நல்ல தண்ணீர்.

மறுபடி பிழிந்தாள். எவ்வளவு பிழிந்தும் தண்ணீர் நிற்கவில்லை.