மூன்றாவது நாடகத்து நாற்காலி

ரேணுகா டீச்சர் செங்கல்பட்டில் வேண்டாவின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, பக்கத்து வீட்டு ஜெயக்குமார் தன் ஷேர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். வேண்டாவைத் தேடி யார் வந்தாலும் முதலில் விசாரிப்பது தன் பொறுப்பு என்று அவனாகவே வைத்துக்கொண்டிருந்தான். வேண்டா மறைமலைநகர் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நிறையக் கேட்பார், கொஞ்சம் பேசுவார். ஜெயக்குமார் அதற்கு அப்படியே தலைகீழ்.

டீச்சர் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் நாடகப் பிரிவை நடத்துகிறார். வருடத்துக்கு நான்கு நாடகம் போடுவார்கள். வேலைக்குப் போகிறவர், ஓய்வு பெற்றவர் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். மூன்றாவது நாடகம் அன்று மாலையும் மறுநாளும் நடக்க வேண்டும். அதில் ஒரு தகப்பன் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிரை விடுகிறான். கல்லூரி முதல்வரின் வீட்டிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்த அந்த நாற்காலியைத்தான் காணோம்.

முந்தின நாள் மாலை ஒத்திகை முடிந்து கடைசியாக அரங்கத்தைப் பூட்டியவன் ஜெரோம். பகலில் நாடகம், இரவில் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி என்று ஓடுகிற பையன். தகப்பன் வேஷத்துக்கு ஆசைப்பட்டான். அது பெஞ்சமின் என்ற ஓய்வு பெற்ற லைன்மேனுக்குப் போய்விட்டது. பெஞ்சமினுக்கு ஏதாவது ஆனால் நடிப்பதற்காக வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். முதல் நாடகத்தின்போது பெஞ்சமினுக்கு ஒரு தடவை தலை சுற்றியதால், இன்னொரு முறை அப்படி ஆனால் மேடையே கிடையாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஜெரோமைக் கேட்டா, திருடலைங்கிறதைத் தவிர வேற எதுவும் சொல்ல மாட்டேங்கறான். மத்தியானம் முதல்வர் வராரு. அதுக்குள்ள உண்மை தெரியலைன்னா அவனைக் கோர்ஸை விட்டே அனுப்பிடுவாரு," என்றார் டீச்சர்.

ஆட்டோவில் கிளம்பித் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் ஜெயக்குமார் வழக்கை முடித்துவிட்டான். வேஷம் கிடைக்காத வயிற்றெரிச்சலில் ஜெரோம்தான் நாற்காலியைக் கடாசியிருக்கிறான் என்பது அவன் தீர்ப்பு. பின் சீட்டிலிருந்து வேண்டா நிதானமாகக் கேட்டார்: "நாடகமே நின்னு போச்சுன்னா அவனுக்கு இன்னா லாபம், ஜெயக்குமாரு?" ஜெயக்குமார் ஹாரனை அடித்தான்.

அரங்கத்தில் மேடை தயாராக இருந்தது. நாற்காலியின் கால்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் நான்கு வெள்ளை டேப் துண்டுகள் ஒட்டியிருந்தன. அந்த நான்கின் மேல், இம்மி பிசகாமல், ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி நின்றது. அதை யார் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் பலகை இடுக்கில் சிற்றெறும்புகள் சாரை போட்டுப் போய்க்கொண்டிருந்தன.

மகள் வேஷம் போடும் சிநேகாவிடம், தேக்கு நாற்காலியில் வேறு யார் யார் உட்காருவார்கள் என்று வேண்டா விசாரித்தார். பெஞ்சமினைத் தவிர ஒருவரும் உட்கார மாட்டார்கள், நாடகத்தில் அவரவர் பொருளை அவரவர்தான் தொட வேண்டும், அது டீச்சர் போட்ட சட்டம் என்றாள் அவள்.

பெஞ்சமின் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மெல்லிய சட்டைப் பைக்குள் மாத்திரை அட்டை தெரிந்தது. வேண்டா பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். தவக்காலம், பொழுது சாயும்வரை தண்ணீர் மட்டும்தான் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். ஜெரோம் கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றாமல் படியில் குந்தியிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. திருடன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று ஜெயக்குமார் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

வேண்டா அந்தச் சீருடையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய்க் கல்லூரி வளாகத்தைச் சுற்றி வந்தார். வாயிலருகே ஒரு பழைய டிக்கெட் கூண்டு, முழுக்கச் சிவப்புப் பெயின்ட்டில், பூட்டியிருந்தது. அரங்கச் சாவிக்கொத்தை வாங்கி வரச் சொன்னார். ஜெயக்குமார் ஓடிப்போய் வாங்கிவந்து திறந்தான். உள்ளே தேக்கு நாற்காலி நின்றது. அதன் பின்னங்கால் ஒன்றில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்துப் பார்த்தபோது கால் நெடுக விரிசல்.

"மாட்டிகினான் பாரு, யக்கா," என்றான் ஜெயக்குமார்.

வேண்டா எல்லோரையும் மேடைக்கு அழைத்தார். நாற்காலியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தது ஜெயக்குமார்தான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"திருடறவன் பொருளைத் தூக்கிகினு போவான். அந்த எடத்துல வேற ஒண்ணை மார்க் மாறாம வெச்சிட்டுப் போவானா?" என்று வேண்டா தொடங்கினார். "மறைமலைநகர்ல கேஸுக்காக எத்தினியோ கம்பெனிக்குள்ள போயிருக்கேன். கெட்டுப்போன பார்ட் கண்ல பட்டா சிவப்பு டேப் சுத்துவாங்க. யாரும் தெரியாம திரும்ப எடுத்துடக் கூடாதுன்னு சிவப்புக் கூண்டுல வெச்சுப் பூட்டுவாங்க. வேலை நிக்கக் கூடாது, அதனால அந்த எடத்துல வேற ஒண்ணை வெப்பாங்க. ஜெரோம் நாற்காலியை எடுத்தது நெசம். திருடறதுக்கு எடுக்கல. யாரும் உக்காந்து உழுந்துடக் கூடாதுன்னு எடுத்திருக்கான்."

டீச்சர் திகைத்துப்போனார். கால் விரிசல் விட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு என்ன கேடு என்று கேட்டார்.

"சொன்னா, யாரு உக்காந்து ஒடைஞ்சுதுன்னு நீங்க கேக்கவே வேணாம். அதுல உக்கார்றது ஒரே ஆளு," என்றார் வேண்டா. "இங்க எறும்பு போவுது பாருங்க. யாரோ அவசரத்துல சர்க்கரையைக் கொட்டியிருக்காங்க. சுகர் கொறைஞ்சு மயங்கினவங்க வாய்லதான் அப்பிடிப் போடுவாங்க." அதோடு நிறுத்திக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெயரைச் சொல்வது தன் வேலை இல்லை என்பதுபோல் கைப்பையை மூடினார்.

பெஞ்சமின் மெதுவாக எழுந்தார்.

"நான்தாம்மா. எல்லாரும் போனப்புறம் சாவு சீனை இன்னொரு தபா செஞ்சு பாக்கலாம்னு உக்காந்தேன். சுகர் மாத்திரை போட்டுகினு ஒண்ணும் சாப்பிடல. நாற்காலியோட சாஞ்சிட்டேன். டீ வெக்கிற எடத்துலேர்ந்து சர்க்கரை கொண்டாந்து வாய்ல போட்டது இவன். டீச்சராண்ட சொல்லாதடான்னு இவன் கையப் புடிச்சிகினு அழுதேன். காலைலேர்ந்து இவனைத் திருடன்றாங்க. நான் வாயை மூடிகினு கெடந்தேன். வேஷம் பூடுமோன்னு பயம்." மனைவி போன பிறகு அவர் மனிதர்களோடு சேர்ந்து சிரித்தது இந்த மேடையில் மட்டும்தான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

டீச்சர் ஜெரோமின் முன்னால் போய் நின்றார். "சொல்லியிருந்தா அந்த வேஷமே உனக்கு வந்திருக்குமேடா."

"அதனாலதான் மேடம் சொல்லல," என்றான் ஜெரோம். "சொன்னா, வேஷத்துக்காகப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்."

டீச்சர் அத்தனை பேர் எதிரில் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அதுவரை இறுக்கமாக இருந்த பையன் அப்போதுதான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஜெயக்குமாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆட்டோவில் தான் சொன்ன தீர்ப்பை வேண்டா நினைவுபடுத்தாமல் இருந்தாலே போதும் என்றிருந்தது. அவர் நினைவுபடுத்தவில்லை.

நோயாளிகள் உபவாசம் இருக்க வேண்டாம் என்று பாதிரியாரே பிரசங்கத்தில் சொன்னாரே என்று அதட்டியபடி சிநேகா தன் டிபன் பாக்ஸைப் பெஞ்சமினின் மடியில் திறந்து வைத்தாள். அவர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு ஜெரோம் நடிக்கட்டும், டாக்டர் சரி என்றால் நாளைக்கு நான் நடிக்கிறேன் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டார். மத்தியானம் வந்த முதல்வர் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, நல்ல தச்சன் யாராவது கிடைப்பானா என்று மட்டும் விசாரித்தார்.

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. ஜெயக்குமார் சவாரியை மறந்து முதல் வரிசையில் பெஞ்சமினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மேடையில் அந்த நீல நாற்காலியில் தகப்பனாக இருந்த ஜெரோம், மகளின் கையைப் பிடித்தபடியே தலையைச் சாய்த்தான். அரங்கமே மூச்சடங்கிப் போயிற்று. ஜெயக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பெஞ்சமின் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

"என்னாச்சு அண்ணாத்த, மறுபடி முடியலையா?" என்று பதறிப்போய்க் கேட்டான்.

பெஞ்சமின் இல்லையென்று தலையாட்டினார். "என்னவிட நல்லா சாவறான், பையன்."