சாவி ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது

"அது நான் நடிச்சது இல்லக்கா, நான் வீட்டுக்கு வர்றது—"

"அதனாலதாண்டி நல்லா வந்திருக்கு, முழுசாப் பாத்துட்டுப் பேசு—"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம—"

"கேட்டிருந்தா இந்த முகம் கிடைச்சிருக்குமா?"

இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்த அந்த எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் நெடுக ஒலியை விழுங்கும் பஞ்சுப் பலகை. ஏசியிலிருந்து நனைந்த கம்பளத்தின் நாற்றம். திரையில் சின்னவள் தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள், தாழ் போட்டாள், கதவில் முதுகைச் சாய்த்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள், சத்தம் வெளியே போகக் கூடாதென்று வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அழுதாள். ஜிப் அறுந்து ஊக்கு குத்திய பை மடியில் கிடந்தது. படம் மேலேயிருந்து எடுக்கப்பட்டிருந்தது. சமையலறைப் பரண் மேல் ஒளித்துவைத்த கேமராவிலிருந்து.

அக்கா என்றால் பெரியம்மா மகள். ஒரு வயது மூத்தவள். இருவருக்கும் ஒரே சினிமாக் கல்லூரி, ஒரே மூன்றாவது மாடி வீடு, ஒரே சோப்பு. இறுதித் தேர்வுக்காக அக்கா ஒரு குறும்படம் இயக்குகிறாள்: பெண்கள் இரவில் பயமில்லாமல் வீடு திரும்ப முடிகிறதா என்பதைப் பற்றி. சின்னவள் ஒலிப்பதிவு. ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைப் பையன் கேமரா. கதாநாயகியாக ஒருத்தியைப் பிடித்துவந்தார்கள். அவள் இருட்டில் நடப்பது பால் வாங்கப் போவது மாதிரி இருந்தது. பயப்படு என்றால் தும்மல் வரப்போகிறவள் போல மூக்கைச் சுருக்கினாள். மூன்றாம் நாள் அக்கா அவளை அனுப்பிவிட்டாள். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பார்த்தும் வைத்திருந்தாள்.

ஒன்பது இரவு. எனக்கு வேலை இருக்கு, நீ முன்னால போ என்று ஒன்பது இரவும் தங்கையை அனுப்பிவிட்டு, முப்பது அடி தள்ளி அக்காவும் ஒட்டடைக்குச்சியும் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். சின்னவளுக்குத் தெரியாமலா இருந்தது? கல்லூரியில் அவளுக்குக் 'காது' என்றே பெயர். முதல் இரவே பின்னால் கால் சத்தம் கேட்டது. நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. வீட்டுக்கு வந்து நடுங்கிக்கொண்டு சொன்னபோது அக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், பாதத்தைச் சூடுபறக்கத் தேய்த்துவிட்டாள், உனக்குக் காது நீளம்டி, இல்லாததும் கேக்கும் என்றாள். ஐந்தாம் நாள் அம்மா போனில், படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கிளம்பி வா என்றபோது, அந்தப் போனைப் பிடுங்கி, நான் இருக்கேன்ல சித்தி என்று சொன்னவளும் அக்காதான். கல்லூரியை விட்டு விலகுவதாகச் சின்னவள் எழுதிய கடிதம் இன்னும் அந்த ஊக்குக் குத்திய பையில்தான் இருந்தது.

அதே பையின் உள்துணிக்குள்தான் கட்டைவிரல் அளவு ரெக்கார்டர் ஒன்றையும் தைத்துவைத்திருந்தார்களாம். அதைக் காணோம் என்று ஸ்டோர் ரூமில் திட்டு வாங்கியதே சின்னவள்தான்.

"நாங்கதாண்டி வந்தது. வேற யாரும் இல்ல. இனிமே நிம்மதியாத் தூங்கு" என்றாள் அக்கா, ஏதோ பரிசு கொடுக்கிறவள் மாதிரி.

ஒட்டடைக்குச்சி மட்டும் சாரி என்றான். அதையும் லென்ஸைப் பார்த்துத்தான் சொன்னான்.

நாளை மாலைக்குள் படத்தைக் கொடுக்க வேண்டும். அழித்துவிடு என்றாள் சின்னவள். முடியாது என்றாள் அக்கா. பேச்சு மூன்று முறை சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது. கடைசியில், முதல்ல கேளு, கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டு என்று ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு, அக்கா ஒட்டடைக்குச்சியை இழுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.

கோபமோ அழுகையோ, எதுவானாலும் சின்னவளுக்குக் கை ஹெட்போனுக்குத்தான் போகும். போட்டுக்கொண்டாள்.

முதல் இரவு. தன் மூச்சு, பையில் சாவி உரசுவது, தூரத்தில் ஷட்டர் இறங்குவது, அதற்கும் பின்னால், ஒலியளவைக் கூட்டினால் மட்டும் கேட்கிற மாதிரி, அக்காவின் வலது செருப்பு. அதன் வார் தளர்ந்து நாலு மாதமாகிறது, சப் சப்பென்று அடிக்கும். அதோடு ஒட்டடைக்குச்சியின் இடது ஷூ, ஈரம் பட்டால் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும். இரண்டையும் இத்தனை சுலபமாக அடையாளம் தெரிகிறதே, அன்றைக்கு ஏன் தெரியவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள். அந்த நோவுக்கு நடுவில்தான் மூன்றாவது கேட்டது.

செருப்பு இல்லை. வெறும் பாதம். தட்டையாக விழுந்து, குதிகால் கொஞ்சம் இழுபட்டு, அடுத்த அடி.

அன்றைக்கு அது அக்காவின் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் இரவு அக்காவுக்குக் கொஞ்சம் முன்னால். ரெக்கார்டர் சின்னவளின் பையோடு நகர்ந்ததால் சத்தம் ஏறுவதும் இறங்குவதும் தூரத்தின் கணக்குத்தான். அதில் அவள் தவறு செய்ததில்லை. ஐந்தாம் இரவு அது பாதி வழியில் இருந்தது. எட்டாம் இரவு கை நீட்டினால் தொடும் தூரம். செருப்புச் சத்தமும் ஷூ சத்தமும் முதல் நாள் இருந்த அதே தூரத்தில்.

ஒலியோடு படத்தையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். அவர்கள் தெருவில் ஒரு வீட்டு கேட்டின் மேல், ஆள் நடந்தால் தானே எரிந்து தானே அணைகிற விளக்கு ஒன்று உண்டு. சின்னவள் கடந்தாள், எரிந்தது. அணைந்தது. தெரு காலியாக இருந்தது. மறுபடி எரிந்தது. யாரும் இல்லாத வெளிச்சத்தில் தரையின் ஈரம் பளபளத்தது. அணைந்தது. பிறகு கேமரா கடந்தபோது எரிந்தது.

மூன்று முறை.

ஒன்பதாம் இரவில் படி ஏறும்போது அந்தச் சத்தம் இல்லை. அப்பாடா என்று நினைத்துவிட்டு, மறுபடி பின்னுக்கு ஓட்டினாள். இல்லாமல் இல்லை. தன் காலடியோடு ஒன்றாக, அதே நொடியில், அதே படியில் விழுந்துகொண்டிருந்தது. சாவி திரும்பியது. கதவு. தாழ். முதுகு சரிகிற ஓசை. அழுகை. அழுகைக்கு நடுவே மூச்சு எடுக்க அவள் நிறுத்திய அந்த ஒரு கணத்தில், இன்னொரு மூச்சு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அக்கா டீயோடு வந்ததும் சின்னவள் ஹெட்போனை அவள் காதில் மாட்டினாள். அக்கா இரண்டு முறை கேட்டாள். முகம் வெளுக்கும் என்று சின்னவள் காத்திருந்தாள். வெளுக்கவில்லை. கண் மின்னியது.

"நீ சேத்ததா? பழி வாங்கறியா?" என்றாள். "வாங்கிக்கோ. ஆனா இது இருக்கட்டும். பிரமாதம்."

ஒட்டடைக்குச்சி தனக்கும் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேமராப் பையை மூடிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

சின்னவள் ஒரு பந்தயம் வைத்தாள். வீட்டில் அறை மௌனம் எடுப்போம். ஒரு நிமிடம். ஒன்றும் கேட்கவில்லையானால் படத்தை அப்படியே கொடுத்துக்கொள், நான் வாய் திறக்க மாட்டேன். கேட்டால் ஒன்பது இரவையும் என் கண் முன்னால் அழிக்க வேண்டும். அக்கா சரி என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சரி என்றாள்.

இரண்டு வாரத்தில் முதல்முறையாக அன்றிரவு இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். அக்காவின் சப், சின்னவளின் செருப்பு ரப்பரின் மெத். வேறு எதுவும் இல்லை. கேட் விளக்கு ஒருமுறைதான் எரிந்தது. சின்னவளுக்கு அதில் ஆறுதல் வரவில்லை. பின்னால் வர வேண்டிய தேவை அதற்கு இனி இல்லையோ என்று தோன்றியது.

அறை மௌனம் என்பது ஒலிப்பதிவுக்காரர்களின் சடங்கு. எந்த இடத்தில் படம் எடுத்தாலும் முடிவில் அத்தனை பேரும் சிலையாக நிற்க, அந்த இடத்தின் வெறும் நிசப்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு அறையின் நிசப்தமும் வேறு வேறு. இந்த வீட்டினுடையது சின்னவளுக்கு மனப்பாடம்.

கதவைப் பூட்டினாள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். சொட்டுகிற குழாயில் துணி கட்டினாள். மின்விசிறியை நிறுத்தினாள். ஃப்ரிட்ஜை அணைத்தாள். அணைத்ததும் வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் முட்டைத் தட்டின் மேல் வைத்தாள். முதலாம் ஆண்டில் ஒரு பேராசிரியர் வீட்டில் ஒலிப்பதிவுக்காக ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு மறந்துபோய், ஒரு வாரத்து மீன் அழுகி, வருடம் முழுக்கக் கேலி வாங்கியதில் வந்த பழக்கம் இது. சாவி உள்ளே இருந்தால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் யாரும் வெளியே போக முடியாது. இந்த வீட்டுக்கு இப்போது இருப்பதும் ஒரே சாவிதான். இன்னொன்றை அக்கா மூன்று வாரத்துக்கு முன் தொலைத்துவிட்டாள். அதனால்தான் ஒன்பது இரவும் அக்கா மணி அடிக்க, சின்னவள் நடுங்கிக்கொண்டு போய்த் திறந்தாள். திறக்கிற அந்த முகமும் படத்தில் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் ரெக்கார்டர். அதன் முன்னால் சின்னவள், சமையலறைக்கு முதுகைக் காட்டி. அக்கா எதிரே, சற்று இடப்பக்கமாக, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"போனை அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன்."

சின்னவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வழக்கமான வார்த்தைகளைச் சொன்னாள். எங்கள் வீடு. அறை மௌனம். ஒரு நிமிடம். யாரும் அசையாதீர்கள்.

கண்ணை மூடினாள்.

சுவருக்குள் குழாயில் தண்ணீர் இறங்கியது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். குளிர் விட்ட ஃப்ரிட்ஜுக்குள் ஏதோ ஒன்று மெல்ல நெளிந்து அடங்கியது. பழைய எண்ணெய் வாசனை, அக்காவின் பவுடர் வாசனை, இரண்டுக்கும் அடியில் மழையில் நனைந்த தார்ச்சாலையின் வாசனை. வெளியே மழை இல்லை.

இடது காதில் அக்காவின் மூச்சு. தெரிந்த மூச்சு. சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் கேட்டது.

வலது காதில் இன்னொன்று.

நீளமானது. அவசரம் இல்லாதது.

தன்னுடையதாக இருக்கும் என்று தன் மூச்சை நிறுத்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

வலதிலிருந்து நகர்ந்தது. தட்டையாக ஒரு அடி. குதிகால் இழுபட்டது. இன்னொரு அடி.

இப்போது வலதிலும் இல்லை, இடதிலும் இல்லை. நடுவில். இரண்டு காதிலும் சமமாக.

நடுவில் இருப்பது அவள்தான்.

துணி உரசியது. அது அக்கா பக்கம். சின்னவள் கண்ணைத் திறந்தாள்.

அக்காவின் கையில் போன் இருந்தது. அணைக்காத போன். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. நல்ல ஷாட் கிடைக்கும்போது கடிப்பதுபோல் கீழுதட்டைக் கடித்தபடி தங்கையின் முகத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் அவ்வளவு சீக்கிரம் சரி என்றிருக்கிறாள். பந்தயமும் ஒரு காட்சிதான். தொண்டை வரை வந்த கெட்ட வார்த்தை அங்கேயே நின்றது. அக்காவின் பல் உதட்டை விட்டுவிட்டது.

வாய் திறந்தபடி இருந்தது.

அக்காவின் இடது கை மட்டும் தனியாக நகர்ந்தது. பையிலிருந்து எதையோ எடுத்தது. முதுகுக்குப் பின்னால் போயிற்று. பூட்டில் உலோகம் நுழைவது ஹெட்போனில் இடிபோல் கேட்டது. தொலைந்துபோன சாவி.

கதவு திறந்தது. மாடிப்படி வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. அக்கா ஒரு அடி பின்னால் வைத்தாள். சப். இன்னொரு அடி. சப். வாடி என்று சொல்லவில்லை. கையை நீட்டவில்லை. போனை இறக்கவும் இல்லை.

படப்பிடிப்பில் அக்கா ஒட்டடைக்குச்சியைத் தினம் திட்டுவது ஒன்றுக்காகத்தான். ஆள் உயரத்துக்குத் தக்கபடி ஃப்ரேமைத் தூக்கு, தலை வெட்டுப்படக் கூடாது, தலைக்கு மேல நாலு விரல் இடம் விடு.

வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, உட்கார்ந்திருக்கும் தங்கையின் முகத்திலிருந்து, அக்கா போனை மெல்ல மேலே உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கதவு நிலையின் உயரம் வரை உயர்த்தி, அங்கே நிறுத்தினாள். பிறகு நாலு விரல் அளவு மேலே.

சின்னவளின் உச்சந்தலை முடி சூடான காற்றில் அசைந்தது.

"அக்கா… நீ யாரை எடுக்கறே?"