ஷிஃபா எழுதிய மழை

வடகரைப் பள்ளியின் கணினி மன்றத்தில் நிவேத்யாவும் ஷிஃபாவும் ஒரு ஜோடி. இருவரும் ஏழாம் வகுப்பு. பள்ளி விழாவுக்காக ஒரு படகுப் போட்டி விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். படகுகளை நிவேத்யா எழுதினாள். மழையை ஷிஃபா எழுதினாள்.

நிவேத்யாவின் மடிக்கணினியில் ஐடிஇ என்ற பெரிய மென்பொருள் இருந்தது. பாதிச் சொல்லை அடித்தாலே மீதியை அது எடுத்துக் கொடுக்கும். தப்பு செய்தால் சிவப்புக் கோடு போடும். எழுதியதை அங்கேயே ஓட்டியும் பார்க்கலாம்.

ஷிஃபா வீட்டில் இருந்தது அண்ணனின் பழைய கணினி. அதில் வெறும் எடிட்டர்தான். அடித்ததை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் வாயைத் திறக்காது. ஷிஃபாவுக்கு அதுவே போதும். எழுதியதை ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துத் திருத்துவாள்.

நிவேத்யாவுக்குத்தான் பொறுமை இல்லை. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"இன்னும் அதுலயாடி எழுதறே? எங்கம்மா மீன் கணக்கு எழுதறதுக்குக்கூட அதைவிட நல்லது வச்சிருக்காங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஷிஃபாவும் சிரித்துவைத்தாள்.

அதன் பிறகு அவள் மன்றத்துக்கே வரவில்லை. மழை எங்கே என்று சண்டை போடத்தான் நிவேத்யா அவள் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவன் ஷிஃபா 'இக்கா' என்று கூப்பிடும் அண்ணன் ஜாஸிம். அவன் முகம் வாடியிருந்தது. ஷிஃபா ஏதோ பெரிய மென்பொருளை ஏற்றியதில் கணினி மூச்சுத் திணறி நின்றுவிட்டதாம். எல்லாவற்றையும் அழித்துத்தான் மறுபடி எழுப்ப முடிந்ததாம். அவனுடைய கல்லூரி வேலை போய்விட்டது. மழையும் போய்விட்டது.

"யார் ஏத்தச் சொன்னாங்கன்னு கேட்டா, நானாத்தான் செஞ்சேன்னு நிக்கிறா. இனிமே கணினியைத் தொடக் கூடாதுன்னுட்டேன்."

நிவேத்யாவுக்குக் காரணம் புரிந்துவிட்டது. பேசாமல் திரும்பியிருக்கலாம். அவள் திரும்பவில்லை.

"அவமேல தப்பில்ல இக்கா. நான்தான் கேலி பண்ணினேன். அதனாலதான் ஏத்தியிருக்கா."

ஜாஸிம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பெரிய வேலைக்கு அந்த ஐடிஇ நல்லதுதான் மோளே. இந்தக் கிழட்டுக் கணினி தாங்காது" என்றவன், உள்ளே பார்த்துத் தங்கையைக் கூப்பிட்டான். கணினியைத் தொடலாம் என்றான்.

தினமும் மாலையில் நிவேத்யா அங்கே வந்தாள். நினைவிலிருந்து ஷிஃபா வரிகளைச் சொல்ல, இவள் எடிட்டரில் அடித்தாள். சிவப்புக் கோடு இல்லாமல் அவள் விரல்கள் தடுமாறின. ஓட்டிப் பார்த்தால் திரையில் ஒன்றுமே அசையாது. ஷிஃபா வாய்விட்டுப் படித்து, விட்டுப்போன குறியைக் கண்டுபிடிப்பாள். கேலி மட்டும் செய்யவில்லை.

விழாவுக்குள் மழை முடியவில்லை. தெளிந்த வானத்தின் கீழேதான் படகுகள் ஓடின. எல்லாரும் கைதட்டினார்கள்.

"பழைய மழை நல்லா இருந்துதுல்ல?" என்று ஷிஃபா மெதுவாகக் கேட்டாள்.

நிவேத்யா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் அதைப் பார்க்கவே இல்லடி. ஒரு தடவைகூடக் காட்டுன்னு கேக்கல."

ஷிஃபா அவள் கையைப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை வா. பாதி மழை பெய்யுது. பார்க்கலாம்."